தப்பே நடக்காத அணி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது கேட்டால் அது இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும்.

போட்டி வாரத்தில் ஆட்டக்காரர்கள் யாரும் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, பின்னால் உட்கார்ந்தும் வரக்கூடாது என்று எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குச் சட்டம் போட்டவன் நான். அதை வாட்சாப் குழுவில் பெரிய எழுத்தில் அனுப்பி, கீழே மூன்று சிவப்பு ஆச்சரியக்குறி போட்டவனும் நான். மறுநாள் காலை பயிற்சிக்கு மோட்டாரில் கிளம்பிப் போனவனும் நானேதான். கார் பட்டறையில் கிடந்தது, வேறு வழியில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் வண்டியை ஒளித்து வைத்தேன். ஹெல்மெட்டைப் பந்துப் பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கடமையே கண்ணானவன் மாதிரி மைதானத்துக்குள் நடந்தேன்.

ஆ ஹுவாட் எங்கள் அணியிலேயே உயரமான பையன், சீனன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். தமிழில் திட்டுவதற்கு என்னைவிட அவனிடம் அதிகச் சரக்கு உண்டு. அவன் அந்த உயரத்திலிருந்து குனிந்து பைக்குள் பார்த்தான்.

"கோச், இந்தப் பந்துக்கு கண்ணாடியெல்லாம் இருக்கே லா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன். சட்டத்தை எப்படிக் கடைப்பிடிப்பது என்று அன்று நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் கற்றுக்கொடுத்தேன். இது எனக்கு உறைத்தபோது ஒரு பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலணிக் கயிற்றைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். பந்தை எப்படிப் போடுவது, எப்படித் தடுப்பது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அந்தக் காணொளிகளில் வருகிறவர்களுக்கு என்னைவிடத் தொப்பையும் குறைவு. அதனால் ஒரே ஒரு மாலைப் பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எனக்கு இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

எங்கள் அணியில் கூட்டு ஓட்டம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒருவன் தாமதமாக வந்தால், வாய் கொடுத்தால், சட்டத்தை மீறினால் அவனை ஓடச் சொல்லமாட்டேன். மற்றவர்கள் எல்லாரும் மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். தப்புச் செய்தவன் நடு வட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். தன்னால் தன் கூட்டாளிகளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று அவன் மனசு குறுகுறுக்கும், அடுத்த முறை யோசிப்பான். இதுதான் கணக்கு. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் செய்ததை அப்படியே காப்பியடித்தேன். அவர் ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் போய் அவன் அம்மா கையால் காப்பி குடித்துவிட்டு வருவார். அதை மட்டும் காப்பியடிக்கவில்லை. எனக்கு நேரம் இல்லையாம்.

முதல் சில வாரங்கள் நிறைய ஓடினார்கள். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போனது. தாமதம் இல்லை, சண்டை இல்லை, யார்மீதும் ஒரு புகார் இல்லை. சூலியா தெருவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் பெருமையடித்தேன். "நம்ம அணியில தப்பே நடக்கறதில்ல தெரியுமா?"

கடைக்காரர் ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டே, "அப்படியா கோச்? எங்க வீட்டுல ரெண்டே ரெண்டு பிள்ளைங்க, தினம் நடக்குதே" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இளம் நண்பர்களே, இருபது வயதுப் பையன்கள் பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் தப்பே நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், உங்களுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை என்று அர்த்தம்.

இனி அந்த மாலை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதி. ஆட்டம் நாலு மணிக்குமேல். எங்கள் அணித்தலைவன் ரியாஸ், சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். விளையாட்டுத் திறமைக்காகக் கல்லூரியில் இடம் கிடைத்தவன், அந்த இடம் போய்விடக்கூடாதே என்ற பயம் எப்போதும் அவன் முகத்தில் இருக்கும். பந்தை முன்னால் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுப்பவன் தினேஷ். ஜெலுத்தோங் பையன், அப்பா இல்லை, அம்மா தொழிற்சாலையில் வேலை. எதிரணி எங்கே இடம் விடும் என்பது அவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். அவனை நான் ஒருநாளும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை, பாராட்டினால் கெட்டுப்போவான் என்று ஒரு மூடநம்பிக்கை.

முதல் பாதியில் அவன் சுமாராகத்தான் ஆடினான். இரண்டு தடவை பந்தை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றான். வலது முழங்கைக்குப் புதிதாக ஒரு கறுப்பு உறை மாட்டியிருந்தான். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து அலங்காரம் பண்ணிக்கொள்கிறான் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறவேண்டும், உங்களுக்குத் தெரியும். ஆட்டம் தொடங்கிய வேகத்தில் ரியாஸ் பந்தைத் தினேஷுக்குக் கொடுத்தான். தினேஷ் திரும்பினான், நாலு எட்டு ஓடினான், அழகாக எழும்பி எங்கள் கூடைக்குள்ளேயே பந்தைப் போட்டான். எதிரணிக்கு இரண்டு புள்ளி.

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. உடனே அவனை வெளியே எடுத்தேன்.

"மண்டையில ஏதாச்சும் இருக்காடா உனக்கு? எங்கடா இருக்கு உன் கவனம்?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"கோச்."

"என்னா?"

"இது ஃபர்ஸ்ட் ஹாஃபா?"

நக்கல் செய்கிறான் என்று நினைத்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது தற்செயலாக மைதானத்தைப் பார்த்தேன். எங்கள் பையன்களில் ஒருவன்கூடப் பந்தைப் பார்க்கவில்லை. எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான், இவர்களோ பெஞ்சைப் பார்க்கிறார்கள். பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரர்கள் தங்கள் கால் விரல்களைப் பார்க்கிறார்கள்.

 இவர்கள் எல்லாருக்கும் ஏதோ தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

தினேஷின் கையைப் பிடித்து உறையை இறக்கினேன். முழங்கையிலிருந்து மேலே தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது, காயத்துக்குள் கறுப்புக் கறுப்பாகத் தார்ச்சாலைப் பொடி. மோட்டாரில் விழுந்திருக்கிறான். கை சிராய்த்தது பரவாயில்லை, சிராய்த்த கை ஆளைக் கொல்லாது. தலை அடிபட்டதா? நினைவு தப்பியதா? எப்போது? அவனிடம் கேட்டால், "நான் ஓக்கே லா கோச்" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் கயிற்றை அவிழ்த்தான்.

ஆட்ட இடைவேளை கேட்டேன். ஒரு நிமிடம். எல்லாரும் வியர்வையோடு என்னைச் சுற்றி நின்றார்கள்.

"தினேஷ் எங்க விழுந்தான்?"

ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியைத் தேடினார்கள்.

"தலையில அடிபட்டுச்சா? யாரு கூட இருந்தீங்க?"

ரியாஸ் தரையைப் பார்த்தான். இங்கேதான் என் இரண்டாவது மடத்தனம். பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"சொல்லலன்னா அத்தனை பேரும் ஓடுவீங்க! நாளைக்கு காலையில வாந்தி எடுக்கற வரைக்கும் ஓடுவீங்க!"

ஆ ஹுவாட் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"சரி கோச், ஓடறோம்."

அவன் திமிரில் சொல்லவில்லை. மாதக்கணக்கில் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தான். ஒருவனுக்காக மற்றவர்கள் ஓடவேண்டும், அவ்வளவுதானே? ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு அது தண்டனை இல்லை, மௌனத்துக்குக் கொடுக்கிற விலை, அதைக் கொடுக்க எப்போதோ தயாராகிவிட்டார்கள். நான் செய்த பூட்டு, நானே வெளியே நிற்கிறேன்.

மணி அடித்தது. எங்கள் அணி ஆறு புள்ளி பின்தங்கியிருந்தது. தினேஷ் உள்ளே போனால் சரிக்கட்டலாம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு பேய் முணுமுணுத்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மூச்சு நேரம்தான். அந்தப் பேய் உங்களுக்குள்ளும் வரும். வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நேரம் போய்விடும்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மாலையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான், அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். இவர்கள் உண்மையைச் சொல்லட்டும் என்று நான் ஏன் காத்திருக்கவேண்டும்? தலை அடிபட்டது என்றே வைத்துக்கொண்டால் என்ன செய்வேன்? அதைச் செய்தால் போதுமே. தப்பாகப் போனால் ஒரு ஆட்டம் போகும், டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கேள்விகளை நிறுத்தினேன். அணி மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் கணக்கியல் விரிவுரையாளர், பந்து உருண்டையா சதுரமா என்பதில்கூட உறுதியான கருத்து இல்லாதவர். "அணி உங்க கையில" என்றேன். அவர் என்னைவிட வெளிறிப்போனார். முதலுதவி மேசையில் இருந்த தொண்டூழியப் பெண் தினேஷின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும் அங்கிள், ஹாஸ்பிட்டல் பக்கம்தான், நீங்களே கொண்டு போயிடுங்க. பேச்சு கொடுத்துக்கிட்டே போங்க. பேச்சு குழறுதான்னு பாருங்க" என்றாள்.

தினேஷைத் தாங்கிக்கொண்டு, பட்டறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த என் காரை நோக்கி நடந்தேன். பையன்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் ரப்பர் காலணி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ரியாஸ். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான்.

"கோச்! தலை அடிபட்டுச்சு கோச். பாசார்கிட்ட ரோடு ஈரமா இருந்துச்சு, நான்தான் ஓட்டினேன், சறுக்கிருச்சு. அவன் ஹெல்மெட் கழண்டு உருண்டு போயிருச்சு. நாலஞ்சு தடவை கூப்பிட்டேன் கோச், கண்ணே தொறக்கல. அப்பறம் எழுந்து, வா லா லேட்டாச்சுங்கறான்."

"மோட்டார் ஏண்டா எடுத்தீங்க?"

"பஸ் வரல. லேட்டா வந்தா எல்லாரும் ஓடணுமே கோச்."

என் ஒரு சட்டம் மோட்டாரில் வராதே என்றது, இன்னொன்று தாமதமாக வராதே என்றது. பேருந்து என் வாட்சாப் குழுவில் இல்லை. பிள்ளைகள் எந்தச் சட்டத்தை மீறுவது என்று யோசித்து, வெளியே தெரியாததைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"ஏறு" என்றேன்.

ரியாஸ் பின்னால் உட்கார்ந்து தினேஷின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டான். வேலை விடும் நேரம், ஜாம் நகரவே இல்லை. முதல் சிவப்பு விளக்கில் தினேஷ் கேட்டான்: "கோச், ஸ்கோர் என்னா?"

"நாம முன்னாடி. நாலு பாயிண்ட்."

அடுத்த விளக்கில் மறுபடி கேட்டான், கேட்டதே நினைவில்லாமல். "பத்து" என்றேன். அடுத்ததில் இருபது. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நாங்கள் இன்னும் பிரமாதமாக ஜெயித்துக்கொண்டிருந்தோம். 

"சும்மா சொல்லாதீங்க கோச், நம்மளாவது, இருபதாவது" என்றான் தினேஷ். ரியாஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் ஒரு சத்தம் போட்டான். எனக்கும் உயிர் வந்தது. பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறான் என்று கண்ணாடியில் பார்த்தேன். அவன் அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கோச், ஸ்கோர் என்னா?" என்றான்.

மருத்துவமனையில் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவன் ரியாஸ்தான். எத்தனை மணிக்கு விழுந்தான், எந்தப் பக்கம் அடிபட்டது, எவ்வளவு நேரம் கண் திறக்கவில்லை. அவன் ஓடி வந்திருக்காவிட்டால் நான் அங்கே விழித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஸ்கேன் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

ரியாஸ் போனில் விவரம் சொல்லி, தினேஷின் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு வந்தார். கழுத்தில் வேலை அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதான் கோச்சா?"

"ஆமாம்மா."

"ஆட்டத்துக்கு முன்னாடியே விழுந்துட்டானாமே. ஏன் விளையாட விட்டீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அவன் கூட்டாளிங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். நான் எத்தனையோ தோல்விக்குச் சாக்குச் சொன்னவன், நடுவர், வெயில், பந்தில் காற்று என்று. அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. தன்னைத்தானே கேலி செய்து தப்பிக்கும் பழக்கம் எனக்கு உண்டு, நீங்களே பார்க்கிறீர்கள். அந்த அம்மா முன்னால் அதுவும் வரவில்லை.

தலைக்குள் சிறிதாக ரத்தம் கசிந்திருந்தது. அறுவை வேண்டாம், கண்காணிப்பில் வைப்போம் என்றார்கள். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்து, கசிவு கூடவில்லை என்று சொல்லும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடச் சரியாக விழுங்கவில்லை. "இதே தலையில இன்னைக்கு இன்னொரு அடி பட்டிருந்தா, நாம இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம்" என்றார் டாக்டர். கூடைக்குக் கீழே முழங்கைகள் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இனி ரியாஸை என்ன செய்வது? அணியை விட்டே தூக்கு என்றார்கள் சிலர். கடைசியில் ஓடி வந்து சொன்னானே, விட்டுவிடு என்றார்கள் சிலர். தூக்கியிருந்தால் மற்ற பையன்கள் ஒரே ஒரு பாடம் படித்திருப்பார்கள்: அடுத்த தடவை கடைசிவரை சொல்லாதே. சும்மா விட்டிருந்தால் அது தாராள மனசு இல்லை, என் குற்ற உணர்ச்சிக்கு நான் தடவிக்கொள்ளும் மருந்து. அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "விழுந்ததுக்குத் தண்டனை இல்ல. ஓடி வந்து சொன்னதுக்கும் இல்ல. வார் மாட்டாத ஹெல்மெட்டோட ஒருத்தன பின்னாடி ஏத்தினதுக்கும், அடிபட்டவன மைதானத்துல இறக்கினதுக்கும் உண்டு. இந்த சீசன் முடியற வரைக்கும் நீ ஆடல. கல்லூரியில உன் இடம் போகாம பாத்துக்கறது என் பொறுப்பு." தலையாட்டினான். அதன்பிறகு பயிற்சிக்கு ஒருநாள் தவறாமல் வந்தான், பந்து பொறுக்கிப் போட்டான். ஆனால் என்னிடம் ஆமாம், இல்லை என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான். உள்ளுக்குள் எனக்குப் பயமாகவே இருந்தது. வாயைத் திறந்தவனை மறுபடி அடைத்துவிட்டேனோ என்று.

கூட்டு ஓட்டத்தை ஒழித்தேன். தப்புச் செய்தவன் தன் தப்புக்குத் தானே பதில் சொல்லட்டும். அதற்குப் பதிலாகப் பந்து தரையில் படுவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக நின்று, உடம்பிலோ மனசிலோ சட்ட விஷயத்திலோ சொல்லவேண்டியது இருந்தால் சொல்லவேண்டும் என்று வைத்தேன். அந்த நேரத்தில் சொன்ன எதற்கும் தண்டனை கிடையாது. அடிபட்டது என்றால் அன்று ஆட்டம் கிடையாது, அவ்வளவுதான். மறைத்தது பிறகு தெரிந்தால் உண்டு.

சொன்னவுடன் கொட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தனும் பேசவில்லை. நானே தொடங்கி வைத்தேன்: "எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கு, டாக்டர் வேணாம்னு சொன்னாரு, நேத்து ரெண்டு கப் செண்டோல் சாப்பிட்டேன்." சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் மௌனம். வாரக்கணக்கில் இப்படித்தான். தினமும் அந்த வட்டத்தில் நிற்கும்போது யார் எதை மறைக்கிறானோ என்று ஒவ்வொருவனின் முழங்கை, முழங்கால், கண் என்று தேடிக்கொண்டிருப்பேன். உடைத்த நம்பிக்கை ஒட்டுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒட்டாமலே போகக்கூடும் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்த சீசன் தொடங்கியது. தினேஷுக்கு டாக்டர் மெதுவாக ஓட அனுமதி கொடுத்திருந்தார். ரியாஸின் தடையும் முடிந்து, முதல் நாளாக அவனும் வட்டத்துக்குள் வந்து நின்றான். வழக்கம்போல ஒன்றும் வராது என்ற நினைப்போடு கேட்டேன்: "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?"

 பந்தை எடுக்கக் குனிந்தேன்.

"உட்காருங்க கோச், நெறைய இருக்கு" என்றான் ரியாஸ்.